காசுப் புத்தகங்களுக்கு ஒரு வீடு

அண்ணாவுக்குக் கனடா விசா வந்த அன்று நான் அலுவலகத்தில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் ஒரு தேயிலைப் பெட்டியின்மேல் குந்தியிருந்தார். முகத்தில் சந்தோஷம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை.

"இதுகளுக்கு ஒரு இடம் பாக்காமல் நான் பிளேன் ஏறமாட்டன்" என்றார்.

இதுகள் என்றது புத்தகங்களை. ஐந்து தேயிலைப் பெட்டிகள் நிறையப் புத்தகங்கள். அத்தனையும் பழைய நாணயங்களைப் பற்றியவை. சோழர் காசு, பாண்டியர் காசு, யாழ்ப்பாண அரசர்களின் சேதுக் காசு, பொலன்னறுவைக் காசு, ஒல்லாந்தர் செப்புக்காசு என்று எந்த அரசன் எதை அடித்தான், எந்தப் பக்கத்தில் என்ன எழுத்து, எத்தனை வகை என்று படங்களோடு விளக்குகிற தடித்த ஆங்கிலப் புத்தகங்கள். சில தமிழிலும் இருந்தன. எல்லாவற்றிலும் இராமபாணப் பூச்சி துளைத்திருந்தது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு அனெக்ஸ் எடுத்து நான் ஒற்றைப் பெண்ணாகத் தனியே இருந்தேன். அனெக்ஸ் என்றால் பெரிய வீட்டின் பின்புறத்தில் ஒட்டவைத்த ஒன்றரை அறை. அந்த அரை அறையைக் குசினி என்று சொல்லித்தான் வீட்டுக்காரி எனக்கு வாடகைக்குத் தந்திருந்தார். கல்யாணம் எனக்குச் சரிவரவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. ஆனால் தனியாக இருக்கும் சுகம் அண்ணா வந்து சேர்ந்ததோடு போயிற்று. மனைவியையும் மகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு, இருந்த வாடகை வீட்டையும் விட்டுவிட்டு, என்னிடம் வந்தார். கையில் ஒரு சூட்கேஸ், பின்னால் லொறியில் ஐந்து பெட்டிகள். கட்டிலுக்குக் கீழே இரண்டு, சுவரோரம் இரண்டு, மிச்சம் ஒன்றின்மேல் நான் அடுப்பை வைத்துச் சமைத்தேன்.

அண்ணா அரசாங்க நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். சங்கிலி பிடித்து நாடு முழுவதும் காணி அளந்த காலத்தில், வயல் உழும்போதும் கிணறு வெட்டும்போதும் கிடைத்த காசுகளை ஊர்க்காரரிடம் கேட்டு வாங்கிச் சேர்த்தார். மனைவியையும் மகளையும் அனுப்பும் செலவுக்காகக் காசு முழுவதையும் விற்கவேண்டி வந்தது. புத்தகங்களை வாங்க ஒருவரும் வரவில்லை. ஆகக் கடைசியில் ஒரு செப்புக்காசுகூட இல்லாத மனிதரிடம் உலகத்துக் காசுகளையெல்லாம் பற்றிய புத்தகங்கள் மிஞ்சின.

"காசே இல்லை. பிறகேன் அண்ணா புத்தகம்?" என்று கேட்டிருக்கிறேன்.

"காசு ஆரிட்டையும் இருக்கும். அது என்ன காசு எண்டு சொல்லுறது புத்தகம்தான்" என்பார்.

அவர் போகவேண்டும் என்று எனக்கு இருந்த அவசரம் இடநெருக்கடியால் மட்டும் வந்ததல்ல. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் வெள்ளவத்தையில் எந்த விடியற்காலையிலும் ஆமியும் பொலிஸும் ஒழுங்கையின் இரண்டு முனைகளையும் அடைத்துவிட்டு வீடு வீடாகச் சோதிப்பார்கள். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இருந்தும் அண்ணாவை இரண்டு தடவை கொண்டுபோயிருந்தார்கள். இரண்டு தடவையும் விசாரித்துவிட்டு விட்டார்கள்தான். ஆனால் அவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்வரை நான் செத்துப் பிழைத்தேன். மூன்றாம் தடவையைத் தாங்க எனக்கு நெஞ்சு இல்லை. விசாவுக்கும் ஒரு கடைசித் தேதி இருந்தது. அதைத் தவறவிட்டால் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கவேண்டும், அதற்குள் மகள் அவரை மறந்தே போய்விடுவாள்.

ஏற்கெனவே பாதி மறந்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. சின்னப் பிள்ளையாகப் போனவள். கிழமைக்கு ஒரு தடவை அண்ணி தொலைபேசி எடுத்து அவளிடம் கொடுப்பார். "ஓம்", "இல்லை", "அம்மாட்டக் குடுக்கிறன்" என்ற மூன்று பதில்கள்தான் அவளிடம் இருந்தன. ரிசீவரை வைத்துவிட்டு அண்ணா நேரே போய் ஒரு பெட்டியைத் திறந்து ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்வார்.

புத்தகங்களுக்கு இடம் தேடும் பொறுப்பு, கேட்காமலே, என் தலையில் விழுந்தது. அண்ணாவின் நிபந்தனைகளைக் கேட்டால் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாரோ என்று தோன்றும். பிரித்துக் கொடுக்கக்கூடாது. அலுமாரியில் பூட்டி வைக்கக்கூடாது. திறந்து பார்க்கிற ஆட்களாக இருக்கவேண்டும். சீதனம் ஒன்றும் வேண்டாம் என்பது மட்டும்தான் குறை.

முதலில் எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலை நூலகத்தில் கேட்டேன். பரீட்சைக்கு உதவாத புத்தகங்களை வைக்க இடமில்லை என்றார்கள். அண்ணாவோடு காசு சேர்த்த பழைய சிநேகிதர்களைத் தேடினால் ஒருவர் லண்டனில், ஒருவர் சிட்னியில், இன்னொருவர் கனத்தை மயானத்தில். பழைய புத்தகக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, கதைப் புத்தகம் இருந்தால் எடுக்கலாம் என்று சொல்லித் தேநீர் குடித்துவிட்டுப் போனார். கொள்ளுப்பிட்டியில் என் அலுவலகக் கணக்காளரிடம் "காசுப் புத்தகம் இருக்கு, வேணுமோ?" என்று கேட்டேன். அவர் எந்த வங்கி என்று கேட்டார்.

தொலைபேசியில் விசாரிப்பது இன்னும் சங்கடம். புத்தகங்களில் மிகவும் அருமையானது எது என்று யாராவது கேட்டால், அது சோழர் காசுப் புத்தகம். சோழர் காசுகள் பலவற்றில் இருப்பது புலி. அந்தக் காலக் கொழும்பில் அந்தச் சொல்லைத் தமிழர் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கடையில் புளி வாங்கும்போதுகூட நான் பழப்புளி என்று முழுப்பெயர் சொல்லித்தான் கேட்பேன். அதனால் தொலைபேசியில் புலியைப் பூனை ஆக்கினேன். "நல்ல பூனைப் படங்கள் போட்ட பெரிய புத்தகம் ஒண்டு" என்று நான் சொன்னதை நம்பி ஹெவ்லொக் டவுனில் இருந்து ஒரு பெண் ஓட்டோ பிடித்து வந்தார். அவரிடம் வீட்டில் ஒன்பது பூனைகள் இருந்தனவாம். அண்ணா அவருக்குச் சோழர் படையெடுப்பை முழுவதும் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போகும்போது எனக்கு ஒரு பூனைக்குட்டி வேண்டுமா என்று கேட்டார்.

கடைசியில் ஒழுங்கையில் "போத்தல் பத்தர" என்று கூவிக்கொண்டு போகும் பழைய பேப்பர்காரனைக் கூப்பிடுவேன் என்று நான் மிரட்டினேன்.

"கூப்பிடு" என்றார் அண்ணா. "அவனோட நானும் போறன்."

இந்த நிலைமையில்தான் கொட்டாஞ்சேனையில் ஒரு வாசிகசாலையில் இடம் இருப்பதாகத் தெரியவந்தது. இரண்டு மூன்று புத்தகங்களைக் கொண்டுவந்து காட்டுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு துணிப் பைகளில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு நானும் அண்ணாவும் மட்டக்குளி பஸ்ஸில் ஏறினோம். சோழர் புத்தகத்தை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் கெஞ்சினேன். பெண்ணைக் காட்டப் போகும்போது பெண்ணை வீட்டில் விட்டுவிட்டா போவார்கள் என்று கேட்டு, அதைத்தான் முதலில் பைக்குள் வைத்தார்.

கொட்டாஞ்சேனைக்குள் நுழையுமுன் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்த பொலிஸ்காரர் எங்கள் பைகளைப் பார்த்து, இவை என்ன என்று சிங்களத்தில் கேட்டார். அண்ணா வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். என் சிங்களத்தைப் பற்றி எனக்கு அப்போது ஒரு பெருமை இருந்தது. அலுவலகத்தில் பதினைந்து வருடம் சிங்களத்தில் சண்டை பிடித்துப் பழகியவள் நான்.

"சல்லி பொத், மஹத்தயா" என்றேன். காசுப் புத்தகம், ஐயா.

பொலிஸ்காரரின் புருவம் உயர்ந்தது. யாருடைய காசு என்று கேட்டார். விளக்கமாகச் சொன்னால் விட்டுவிடுவார் என்று எண்ணி, "அப்பே அய்யா சல்லி எகத்து கரனவா" என்றேன். எங்கள் அண்ணா காசு சேர்க்கிறவர் என்று சொன்னதாகத்தான் என் நினைப்பு. தமிழில் அது சரிதான். நமக்குக் காசு என்றால் கையில் இருக்கும் பணமும் காசுதான், பொலன்னறுவையில் தோண்டி எடுத்ததும் காசுதான். சிங்களத்தில் சல்லி என்றால் பணம் மட்டும்தான். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு கொட்டாஞ்சேனைச் சாவடியில் நின்று, எங்கள் அண்ணா பணம் வசூலிக்கிறார், இவை அதற்கான புத்தகங்கள் என்று நான் வாக்குமூலம் கொடுத்திருந்தேன். அந்த வருடங்களில் பணம் வசூலிக்கிறவர் யாருக்காக வசூலிக்கிறார் என்று யாரும் இரண்டாம் கேள்வி கேட்கமாட்டார்கள்.

கேட்டார்கள். பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கேட்டார்கள்.

அங்கே ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தார். என் கைப்பையைச் சோதிக்க ஒரு பெண் கான்ஸ்டபிள் வந்தார். அவர் கேட்குமுன்பே நான் பையை மேசையில் கவிழ்த்துக் கொட்டினேன். அண்ணாவோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்போல உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் பையில் கைவிட்டு முதலில் எடுத்தது சோழர் புத்தகம். அவர் நடுவில் பிரித்தார். பக்கம் முழுவதும் புலி. நிற்கிற புலி, உட்கார்ந்த புலி, வாயைத் திறந்த புலி.

இன்ஸ்பெக்டர் படத்தில் விரலை வைத்து, இது என்ன என்று அண்ணாவைக் கேட்டார்.

பூனை என்று சொல்லுங்கோ அண்ணா, பூனை என்று சொல்லுங்கோ என்று என் மனம் அடித்துக்கொண்டது. அண்ணா கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து பார்த்து, "கொட்டியா" என்றார். புலி என்பதற்குச் சிங்களச் சொல். சொல்லிவிட்டு அத்தோடு நிறுத்தினாரா? அந்தப் பக்கத்தில் இருந்த மற்றச் சின்னங்களையும் விரலால் தொட்டுத் தொட்டு, இது மீன், இது வில் என்று தன் அரைகுறைச் சிங்களத்தில் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பிறகு தமிழில், "ஆயிரம் வருஷத்துப் பழைய காசு, சேர். காசு. காசு" என்று கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாக்கிக் காட்டினார்.

என் பின்னால் நின்ற பெண் கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார்.

"சல்லி நெவெய் சேர்" என்றார். "காசி."

பணம் இல்லை சேர், நாணயம். சிங்களத்தில் நாணயத்துக்குக் காசி என்று பெயர். நம்முடைய காசுதான், கடைசி எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு அண்ணாவைத் தமிழில் பேச விட்டிருந்தால் சாவடியிலேயே விளங்கியிருக்கும். என் பதினைந்து வருடச் சிங்களம்தான் எங்களைப் பொலிஸ் நிலையம்வரை கொண்டுவந்து சேர்த்தது.

இன்ஸ்பெக்டர் இன்னும் சில பக்கங்களைப் புரட்டினார். பிறகு பெண் கான்ஸ்டபிளைப் பார்த்து ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். விஷயம் இதுதான். கொஞ்சக் காலத்துக்கு முன்னர், ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில ஆண்கள் கூடி, யன்னலைச் சாத்திக்கொண்டு, மேசை விளக்கைக் கொளுத்தி ஏதோ செய்கிறார்கள் என்று யாரோ முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். இவர்கள் துப்பாக்கியோடு படியேறிப் போயிருக்கிறார்கள். உள்ளே வயதான ஏழெட்டுப் பேர் பூதக்கண்ணாடி வைத்துப் பழைய நாணயங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். காற்றுக்குக் காசின் பெயர் எழுதிய கடதாசித் துண்டுகள் பறக்கும் என்பதால் யன்னல் சாத்தியிருந்ததாம். போன பொலிஸ்காரர்கள் தேநீர் குடித்துவிட்டு வந்தார்களாம்.

"காசி பிஸ்ஸோ" என்றார் இன்ஸ்பெக்டர். காசுப் பைத்தியங்கள். பிறகு அண்ணாவைக் காட்டி, "தவ எக்கெனெக்" என்றார். இன்னும் ஒருவர். புத்தகத்தை மூடி, இரண்டு கைகளாலும் அண்ணாவிடம் கொடுத்தார். பெண் கான்ஸ்டபிள் வாசல்வரை வந்து அந்தக் கடைக்கு வழி சொன்னார்.

வெளியே வந்து ஒரு மதிலோரம் நின்று நான் அழுதேன். அண்ணா பையைத் தரையில் வைத்துவிட்டு, பயந்தது போதும் என்று என் முதுகில் தட்டினார். பிறகு, "பூதக்கண்ணாடி வச்சிருக்கினமாம்" என்றார்.

வாசிகசாலை அதற்குள் பூட்டியாயிற்று. ஆகவே நாங்கள் ஹார்ட்வெயார் கடைக்குப் போனோம். ஆணி, சிலாகை, பெயின்ற் வாளிகளுக்கு நடுவே ஒரு மரப்படி ஏறினால் மேல்மாடி. நீட்டு மேசையொன்றைச் சுற்றி அவர்கள் இருந்தார்கள். கடைக்காரர் ஐம்பது வயது தாண்டியவர். தகப்பன் காலத்தில் மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து கொழும்புக்கு வந்த குடும்பம். அவருக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற சிங்களத் தபாலதிபர் ஒருவர், தையல்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர், இன்னும் சிலர். எல்லோரிடமும் பிஸ்கட் டின் நிறையக் காசு இருந்தது. புத்தகம் ஒன்றுகூட இல்லை.

அண்ணா ஒரு டின்னை எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

காசுகள் தங்கம்போல மினுங்கின. ஒவ்வொன்றின் கீழும் ஒரு துண்டுக் கடதாசி. ஒல்லாந்தர் செப்புக்காசில் மூன்று ஆங்கில எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதன்கீழ் "நங்கூரக் காசு" என்று எழுதியிருந்தது. நந்தியும் பிறையும் போட்ட யாழ்ப்பாணத்துச் சேதுக் காசின்கீழ் "மாட்டுக் காசு".

"இதென்ன இப்பிடி மினுங்குது?" என்றார் அண்ணா.

"புளி போட்டுத் தேய்ப்போங்க, ஐயா" என்றார் கடைக்காரர் சந்தோஷமாக. "புளியும் சாம்பலும். குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரிதான்."

பழைய காசின்மேல் நூற்றாண்டுகளாகப் படிந்த பச்சை நிறம் அதன் தோல் என்று அண்ணா சொல்வார். அதைச் சுரண்டினால் காசு செத்துப்போகுமாம். அவர் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அவர்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. நான்தான் பல்லைக் காட்டிவிட்டு, பிறகு வருகிறோம் என்று சொல்லி இறங்கி ஓடினேன்.

பஸ்ஸில் வெள்ளவத்தை வரும்வரை அவர் அந்த ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்ப முணுமுணுத்தார். "புளி. புளி போட்டவங்கள்." முன் சீற்றில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணா, அந்தச் சொல்லை பஸ்ஸில சொல்லாதேங்கோ" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் பொறுமை போயிற்று. அடுப்பு வைத்த பெட்டியைக் காட்டிச் சத்தம் போட்டேன். "எல்லாம் தெரிஞ்சவனுக்குப் புத்தகம் ஏன்? தெரியாதவைக்குத்தானே வேணும். புளி போடக்கூடாது எண்டு அவைக்கு ஆர் சொன்னது? உங்கட புத்தகம் சொல்லியிருக்கும். அது இஞ்ச என்ர அடுப்புக்குக் கீழ கிடக்குது."

அண்ணா என்னை நெடுநேரம் பார்த்தார். என் வாயில் இருந்து காசு சம்பந்தமாக உருப்படியான ஒரு பேச்சு வந்தது அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கவேண்டும். சோற்றைப் போடச் சொன்னார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "பெட்டி அஞ்சையும் எப்பிடிக் கொண்டுபோறது?" என்று கேட்டார்.

கடைக்காரர் தன் சின்ன லொறியை அனுப்பினார். சாவடியில் மறித்தபோது அண்ணா தலையை நீட்டி "காசி" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. லொறியை விட்டுவிட்டார்கள். மேல்மாடியில் பலகை அடித்து, பெயின்ற் பூசி, புத்தகங்களை அடுக்கினார்கள். பூட்டு இல்லை. ஒன்றும் பிரிக்கப்படவில்லை. என் அனெக்ஸில் முதல்தடவையாகத் தரை தெரிந்தது. எல்லாம் முடிந்தது என்று எண்ணி நான் அண்ணாவுக்குக் குளிர்ச்சட்டை தேட ஆரம்பித்தேன்.

முடியவில்லை. அண்ணா ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குப் போனார். பிறகு கிழமை நாட்களிலும் போனார். நங்கூரம் ஒல்லாந்தர் ஆனது, மாடு நந்தி ஆனது, துண்டுகள் எல்லாம் மாறின. புளி வீட்டுக் குசினிக்குத் திரும்பியது. அண்ணா சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தபாலதிபர் என்ன சொன்னார், தையல்காரர் எதைக் கொண்டுவந்தார் என்று சாப்பாட்டில் கதை சொன்னார். விமான ரிக்கற்றை ஒரு தடவை தள்ளிப்போட்டார். இன்னும் இரண்டு ஞாயிறு போகட்டும், பொலன்னறுவைக் காசுகள் முடியட்டும் என்றார். விசாவின் கடைசித் தேதி கிட்ட வந்துகொண்டிருந்தது. புத்தகங்களுக்கு வீடு தேடப்போய் நான் அண்ணாவுக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுத்துவிட்டேன் என்று விளங்கியபோது எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அண்ணி தொலைபேசியில், "இன்னும் அந்தப் புத்தகமோ?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் நேரே கொட்டாஞ்சேனைக்குப் போய்க் கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விசா, கடைசித் தேதி, மகள், சுற்றிவளைப்பு எல்லாம். அவர் ஆணி நிறுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்றார். "ஞாயித்துக்கிழமை ஐயாவோட நீங்களும் வாங்க."

அந்த ஞாயிறு நானும் போனேன். அண்ணா மேசைத் தலைப்பில் உட்கார்ந்து டின்னைத் திறந்தார். கடைக்காரர் எழுந்து நின்றார்.

"ஐயா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. புத்தகம் வந்து இத்தனை நாளாச்சு. நாங்க ஒருத்தரும் அதைத் திறக்கல. பாருங்க, அடுக்கினது அடுக்கினபடி இருக்கு. என்ன சந்தேகம் வந்தாலும் உங்களைத்தானே கேக்கிறோம், நீங்க பார்த்துச் சொல்றீங்க. திறந்து பாக்கிற ஆளுங்களுக்குத்தான் கொடுப்பேன்னு நீங்கதானே சொன்னீங்க. நீங்க இங்க இருக்கிறவரைக்கும் நாங்க திறக்கமாட்டோம்."

தபாலதிபருக்குத் தமிழ் விளங்கும். அவர் தலையை ஆட்டினார். தையல்காரப் பெரியவர், "புள்ள காத்திருக்கும், ஹாஜியாருக்கும் எனக்கும் அதுதான் கவலை" என்று ஆரம்பித்தவர், யார் ஹாஜியார் என்று எல்லோரும் பார்த்ததும், தன் சம்பந்தி, அவரிடமும் இந்தக் கதையைச் சொல்லிவைத்ததாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அண்ணா பலகைகளைத் திரும்பிப் பார்த்தார். தன் நிபந்தனையைத் தனக்கே திருப்பிச் சொன்னால் அவரால் மறுக்க முடியாது, அவர் அப்படிப்பட்ட மனிதர். டின்னை மூடினார். எல்லோருடைய கையையும் பிடித்து விடைபெற்றார். சோழர் புத்தகத்தை மட்டும் ஒரு தடவை தொட்டார், எடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில், கோட்டை தாண்டியபிறகு, மெதுவாகச் சொன்னார். "அவளுக்கு நான் ஆர் எண்டு தெரியாதடி. நான் போய் அவளோட என்னத்தைக் கதைக்கிறது?"

ஐந்து தேயிலைப் பெட்டிகளுக்கும் அடியில் கிடந்தது இந்தப் பயம்தான். தங்கச்சியாக இருந்தும் இத்தனை காலம் அதை நான் இடநெருக்கடி என்றே எண்ணியிருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"காசைப் பற்றிக் கதைக்காதேங்கோ" என்றேன். "மற்றதை அவள் பாத்துக்கொள்ளுவாள்."

அவர் சிரித்தார். அடுத்த கிழமை பறந்தார்.

அவர் போனபின் ஒரு ஞாயிறு, புத்தகங்களைத் திறக்கிறார்களா என்று பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மேல்மாடியில் ஒரே சண்டை. வயலில் கிடைத்த ஒரு செப்புக்காசு. ஒரு பக்கத்தில் நிற்கிற மனிதன், மறுபக்கத்தில் உட்கார்ந்த மனிதன். பொலன்னறுவை ராஜாவின் காசு என்று தபாலதிபர் சாதித்தார். சோழன் காசு என்றார் கடைக்காரர். இரண்டு பேரும் என்னைக் கண்டதும், "ஐயாக்கு போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்கம்மா" என்றார்கள். புத்தகங்கள் அவர்களுக்குப் பின்னால், அடுக்கியபடியே இருந்தன. எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, சரி என்றேன்.

அந்தக் கிழமை அண்ணாவின் தொலைபேசி வந்தது. சுகம் விசாரித்து முடிந்ததும் நான் காசை விவரித்தேன். நிற்கிற மனிதன், உட்கார்ந்த மனிதன், சண்டை எல்லாம். அவருடைய குரலில் பழைய சந்தோஷம் ஏறியது.

"ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். சோழனைப் பாத்துத்தான் பொலன்னறுவை ராஜா அடிச்சவன். உட்காந்திருக்கிற பக்கத்தில கைக்குக் கீழ எழுத்து இருக்கும். அதில முதலாவது எழுத்து..."

அவருக்குப் பின்னால், தூரத்தில், ஒரு பெண்பிள்ளையின் குரல் கேட்டது. "அப்பா, சோறு ஆறுது. வாங்கோ."

"வைக்கிறன்" என்றார் அண்ணா. "பிள்ளை கூப்பிடுறாள்."

வைத்துவிட்டார். என் நினைவு தெரிந்த நாளில் இருந்து ஒரு காசின் கதையைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பியவர் இல்லை அவர். அம்மா கூப்பிட்டும் எழும்பவில்லை, அண்ணி கூப்பிட்டும் எழும்பவில்லை. நான் ரிசீவரைக் காதில் இருந்து எடுக்காமல் அந்த வெறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். தனியாக இருப்பது எனக்கு அப்போது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அன்றுபோல நிம்மதியாக நான் அந்த வருடங்களில் தூங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேல்மாடிக்குப் போனேன். காசு மேசை நடுவில் இருந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஐயா என்ன சொன்னாருங்க?" என்றார் கடைக்காரர்.

"மகள் கூப்பிட்டவள். சாப்பிடப் போயிட்டார்" என்றேன்.

தபாலதிபர் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துபோய், பலகையில் இருந்து இரண்டு புத்தகங்களை இறக்கினார். பொலன்னறுவையைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, சோழர் புத்தகத்தைக் கடைக்காரர் பக்கம் தள்ளினார். இருவரும் பக்கம் புரட்டத் தொடங்கினார்கள்.